படத்தில் இல்லாத கை

அசைவை ஒளிப்படத்தில் காட்ட வேண்டும் என்பது அந்தப் பருவத்தில் எங்களுக்குக் கொடுக்கப்பட்ட பயிற்சி. நான் வேலூரில் முதுகலைத் தமிழ் படிக்கிறேன்; விருப்பப் பாடமாக ஒளிப்படக் கலையை எடுத்திருந்தேன். ஆர்வத்தால் எடுத்தேன் என்பது பாதி உண்மை. அந்தப் பாடத்துக்கு வகுப்பில் எழுந்து நின்று பேச வேண்டியதில்லை என்பது மீதி. ஒவ்வொருவரும் ஒரே ஒரு படம் தர வேண்டும். தேர்ந்த படங்கள் துறையின் நீண்ட சுவரில் மாட்டப்படும். படத்தில் உள்ளது நகர்ந்துகொண்டிருக்கிறது என்பதைப் பார்ப்பவர் யாரும் சொல்லாமலே உணர வேண்டும். நிபந்தனை அவ்வளவுதான்.

எங்கள் வீடு ஆம்பூரில். அசைவுக்குப் பஞ்சமில்லாத ஊர் என்று நினைத்துக்கொண்டு, மாலையில் ஷூ கம்பெனிகள் விடும் நேரத்துக்குச் சாலையோரம் போய் நின்றேன். வேன்கள், ஷேர் ஆட்டோக்கள், அவற்றைப் பிடிக்க ஓடும் பெண்கள். எதிரில் இருப்பவர் முகத்துக்கு நேராகக் கேமராவை நீட்டும் துணிச்சல் எனக்கு இல்லை. ஆகவே எதிர்ப்புறத்திலிருந்து, ஷட்டர் கண நேரத்தில் மூடிக்கொள்ளும்படி வைத்து, அவசரமாக எடுத்தேன். படங்கள் துல்லியமாக வந்தன. ஒரு பெண்ணின் கூந்தலிலிருந்து விழுந்த பூவின் காம்பு கூடத் தெரிந்தது. ஆனால் அவள் ஓடவில்லை. ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தாள். வேன்களும் அப்படியே நின்றன.

"ஓடுற வண்டியெல்லாம் பிடிச்சு பார்க்கிங்ல போட்டுட்டியேம்மா" என்றார் எங்கள் ஆசிரியை. சிரிக்காமல் சொன்னதால் எனக்கு அது அதிகமாகவே உறைத்தது. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை நீட்டிப் பார்க்கச் சொன்னார். அது திறந்திருக்கும்போது நகர்வது எதுவோ, அது படத்தில் தன் தடத்தை இழுத்துவிட்டுப் போகும்.

அடுத்ததாக, ஊரில் நிற்காமல் போகும் விரைவு வண்டியை ரயில்வே கேட்டுக்கு வெளியே நின்று எடுத்தேன். இம்முறை நேரத்தை நீட்டினேன். கேமராவைக் கையிலேயே பிடித்திருந்தேன். வண்டியோடு சேர்ந்து கம்பமும் வேலியும் வானமும் ஒழுகிப்போயின. அது ரயில் என்று நானே பக்கத்தில் நின்று சொன்னால்தான் தெரியும்.

இரண்டு தோல்விகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் ஒன்று விளங்கியது. எல்லாம் நின்றால் அசைவு இல்லை. எல்லாம் அசைந்தாலும் அசைவு இல்லை. ஏதாவது ஒன்று அசையாமல் இருந்தால்தான் மற்றது அசைவது தெரியும். எனக்குத் தேவைப்பட்டது அசையாமல் இருக்கக்கூடிய ஒன்று. எங்கள் வீட்டில் அப்படி உட்காரத் தெரிந்தவள் அம்மா மட்டும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், ஜன்னலருகே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அம்மாவை உட்காரச் சொன்னேன். அப்பா லாரியோடு வெளியூர் போயிருந்தார். வாரத்தில் பெரும்பாலான நாள்கள் அப்படித்தான். வீட்டில் அம்மா, நான், பள்ளி இறுதி வகுப்பில் படிக்கும் தங்கை.

"நான் எதுக்குடி? உன் தங்கச்சிய எடு. அவதான் எந்நேரமும் கண்ணாடி முன்னாடியே நிக்கிறா" என்றாள் அம்மா.

"அவ நடக்கணும்மா. நீ சும்மா உக்காந்தா போதும்."

"சும்மா உக்காந்தா போதுமா? இந்த மாதிரி வேலைய இதுவரைக்கும் யாருமே எனக்குக் குடுத்ததில்ல."

"அப்ப எனக்கு இன்னா வேஷம்?" என்று தங்கை வந்து நின்றாள்.

"கதவுலருந்து சமையல் ரூம் வரைக்கும் அம்மா முன்னாடி நட."

"குடத்த இடுப்புல வெச்சுனு நடக்கட்டுமா? சினிமால வர்ற மாதிரி?"

"குடம் வேணாம். சாதாரணமா நட."

"அக்கா, எனக்குச் சாதாரணமா நடக்க வராது. எங்க கிளாஸ்ல கேட்டுப் பாரு."

துறையிலிருந்து இரவல் வாங்கிய கேமராவுக்கு முக்காலி கிடைக்கவில்லை. அரிசி டிரம்மின் மேல் ஒரு தடித்த அகராதியை வைத்து, அதன்மேல் கேமராவை வைத்தேன். என் விரல் பட்டு ஆடக் கூடாது என்பதற்காகத் தானாகவே எடுத்துக்கொள்ளும்படி அமைத்தேன். ஷட்டர் இரண்டு வினாடி திறந்திருக்கும். தங்கை நடந்தாள். அம்மா கேமராவைப் பார்த்தபடி, மடியில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முதல் படமே நான் நினைத்தபடி வந்தது. தங்கை கதவிலிருந்து சமையலறை வரை ஊதுவத்திப் புகையாகப் போயிருந்தாள். அவள் தாவணியின் மஞ்சள் மட்டும் காற்றில் ஒரு பட்டையாக மிதந்தது. அந்தப் புகைக்குப் பின்னால் அம்மாவின் முகம் தெளிந்து நின்றது. நெற்றிக் குங்குமத்தின் விளிம்பு தெரிந்தது. இடது கையின் வளையல்களைத் தனித்தனியே பார்க்க முடிந்தது.

வலது கை இல்லை.

மணிக்கட்டு வரை தெளிவாக வந்த கை, அதற்கு அப்பால் பனிமூட்டம்போல் கரைந்திருந்தது. அதன் ஊடாகப் புடவைக் கரையின் பூக்கள் மங்கலாகத் தெரிந்தன.

"அம்மா, இன்னொரு தரம். கைய ஆட்டாதே."

"நான் எங்கடி ஆட்டனேன்? செதுக்கி வெச்ச மாதிரி உக்காந்துனு இருக்கேன்."

மீண்டும் எடுத்தேன். மீண்டும் முகம் தெளிவு, இடது கை தெளிவு, வலது கை மூட்டம். மூன்றாவது முறை எடுத்தபோது நான் கேமராவை விட்டுவிட்டு அம்மாவின் கையையே பார்த்தேன். நான் பார்ப்பதைக் கண்ட அம்மா கையைத் தூக்கி முடியை ஒதுக்கிக்கொண்டு, "இன்னா, கறை ஏதாவது இருக்குதா?" என்றாள். தூக்கிய கை சற்றும் நடுங்கவில்லை. நான் ஒன்றுமில்லை என்றேன்.

தங்கைக்குத் தன் புகை உருவத்தைப் பார்த்ததில் ஏகப்பட்ட மகிழ்ச்சி. "பேயாட்டம் சூப்பரா இருக்கேன்! எனக்கு அனுப்பு, எனக்கு அனுப்பு" என்று குதித்தாள். அந்தக் குதிப்பில் என்னால் எதையும் காட்டிக்கொள்ளாமல் இருக்க முடிந்தது.

மடிக்கணினியில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூட்டம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. சுண்டுவிரலும் மோதிர விரலும் இருக்க வேண்டிய இடத்தில் மெலிதாகவும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் இடத்தில் அடர்த்தியாகவும் இருந்தது. அசைந்தது கை அல்ல. கட்டைவிரல், ஆள்காட்டி விரலின் மேல் திரும்பத் திரும்ப அசைந்திருக்கிறது.

என் மாமாவை, அம்மாவின் அண்ணனை, நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். அவருக்கு நடுக்குவாதம் அப்படித்தான் தொடங்கியது: சும்மா இருக்கும்போது வலது கையின் கட்டைவிரல் மட்டும், கண்ணுக்குத் தெரியாத புளியங்கொட்டை ஒன்றை உருட்டிக்கொண்டிருப்பதுபோல. முதலில் யாரும் பொருட்படுத்தவில்லை. பிறகு கை முழுதும், பிறகு கால். இப்போது மாமி சோற்றைப் பிசைந்து ஊட்டுகிறார். அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் ஒவ்வொரு முறையும் அம்மா ரயிலில் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

அம்மாவுக்குக் கட்டைவிரல்தான் வேலை. ஷூ கம்பெனியில் அவள் இருப்பது ஃபோல்டிங் பிரிவில். சீவி மெலிதாக்கிய தோல் துண்டுகளின் விளிம்பில் பசை தடவி அவர்கள் மேசைக்கு வரும். அந்த விளிம்பை ஒரு நூல் பிசகாமல் உள்ளே மடித்து, கட்டைவிரலால் அழுத்தி, சிறு சுத்தியலால் தட்டித் தையலுக்கு அனுப்ப வேண்டும். விரல் ஆடினால் மடிப்பு கோணும். கோணினால் துண்டு திரும்பி வரும். திரும்பி வந்துகொண்டே இருந்தால், வராதே என்று சொல்வார்கள். நான் அஞ்சியது வேலைக்காக மட்டுமல்ல. ஆனால் வேலையைப் பற்றி நினைப்பது எளிதாக இருந்தது. நோயை நேராக நினைப்பதைத் தள்ளிப்போட அது உதவியது.

அடுத்து வந்த நாள்களில் பயிற்சி என்ற பெயரில் அம்மாவைப் பல நிலைகளில் எடுத்தேன். காய் நறுக்கும்போது எடுத்தேன்: கத்தியின் வீச்சு மங்கியிருந்தது, ஆனால் அதைப் பிடித்திருந்த விரல்கள் உறுதியாக இருந்தன. மதியத் தூக்கத்தில் எடுத்தேன்: பத்து விரல்களும் தெளிவாக வந்தன. தொலைக்காட்சி பார்க்கும்போது எடுத்தேன்: மூட்டம். ரேஷன் கடைக்குப் போய்வந்து களைத்துச் சுவரில் சாய்ந்திருந்தபோது எடுத்தேன்: மூட்டம்.

தெளிந்த படங்கள் எனக்கு ஆறுதல் தந்திருக்க வேண்டும். ஆனால் நூலகத்திலும் இணையத்திலும் நான் படித்தவை அதற்கு இடம் கொடுக்கவில்லை. அந்த நோயின் நடுக்கம் வேலை செய்யும்போது மறைந்துவிடும், தூக்கத்திலும் இராது, சும்மா இருக்கும்போதுதான் வரும். ஆகவே மங்கிய படமும் எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது, தெளிந்த படமும் எனக்கு எதிராகவே சாட்சி சொன்னது. ஒரு வரியில் இல்லாத பொருளையெல்லாம் அதன்மேல் ஏற்றும் உரைகாரர்களை வகுப்பில் நாங்கள் கேலி செய்வதுண்டு. நான் அம்மாவை அப்படித்தான் படித்துக்கொண்டிருந்தேன். கம்பெனி வேனிலிருந்து இறங்கி அவள் மெதுவாக நடந்தால் அது ஓர் அறிகுறி. தங்கையின் மதிப்பெண் அட்டையில் அவள் கையெழுத்து முன்பைவிடச் சிறுத்திருந்தால் அது இன்னோர் அறிகுறி. அட்டையில் இருந்த கட்டமே சிறியது என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

வேலூருக்கு வந்து உடம்பை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். காரணத்தைச் சொல்லவில்லை, அந்தச் சொல்லை அவள் முன் உச்சரிக்க எனக்கு வாய் வரவில்லை.

"எனக்கு இன்னா கேடு? நல்லாதானே இருக்கேன்."

"சும்மா ஒரு செக்கப்தாம்மா."

"சும்மா போறதுக்கு ஆஸ்பத்திரி இன்னா கோயிலா? ஷிப்மெண்ட் நேரம். இப்ப லீவு கேட்டா சூப்பர்வைசர் மூஞ்சிய பாப்பான்."

அதற்குமேல் வற்புறுத்தினால் நான் அழுதுவிடுவேன் என்பது தெரிந்ததால் வற்புறுத்தவில்லை. அதற்குப் பதிலாகக் காலாவைத் தேடிப் போனேன்.

காலா என்பது உருதுவில் சித்தி, பெரியம்மா முறை. ஃபோல்டிங் மேசையில் அம்மாவுக்கு எதிர்ப்புறம் உட்கார்பவர். எங்களுக்கு மூன்றாவது தெரு. அம்மாவைவிட மூத்தவர் என்பதால் அம்மா அவரை ஆபா, அதாவது அக்கா, என்பாள். இருவரும் ஒரே மேசையில் உட்காரத் தொடங்கியபோது நான் பள்ளியில் சேர்ந்திருக்கவில்லை. யாரிடமும் எளிதில் மனம் திறக்காத நான், அவர் வீட்டு வாசற்படியில் நின்றபடி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"யா அல்லா" என்று நெஞ்சில் கை வைத்தவர், மறுகணமே கையை எடுத்துவிட்டார். "உங்கம்மாவுக்கா? போடி. சும்மா பேஜார் பண்ணாதே. அவ மடிச்ச பீஸ் ஒண்ணு திரும்பி வந்து நான் பாத்ததில்ல."

"வேலை செய்யும்போது அந்த நோய் தெரியாதாம், காலா."

"தெரியாத நோய நீ போட்டோல கண்டுபிடிச்சியா?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "சரி, சரி. ஞாயித்துக்கிழமை வர்றேன். நான் சொன்னா கேப்பா. கேக்கலன்னா திட்டுவேன். திட்டுக்காவது கேப்பா."

சொன்னபடி வந்தார். புர்காவைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டு, அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததும் பேச்சைத் தொடங்கிவிட்டார்.

"ஏம்மா, பொண்ணு ஆஸ்பத்திரிக்குக் கூப்புடுதாமே, பெரிய இது மாதிரி வர மாட்டேன்றியாமே?"

"அது உங்கிட்டயே வந்துடுச்சா, ஆபா? வாயத் தொறக்காத பொண்ணுன்னு ஊரே சொல்லுது."

"தொறந்தது என் வீட்டாண்ட வந்துதான். போய்ட்டு வா. நான் சூப்பர்வைசர்கிட்ட சொல்லிக்கிறேன்."

"இன்னான்னு சொல்லுவே?"

"பொண்ணுக்கு மாப்ள பாக்கப் போயிருக்கான்னு. அந்த ஆளு அதுக்கு மட்டும்தான் பேசாம லீவு குடுப்பான்."

"நாளைக்கே கல்யாணச் சாப்பாடு எங்கன்னு கேப்பானே!"

"மாப்ளைக்கு மூக்கு பெருசு, வேணாம்னுட்டோம்னு சொல்லு."

தங்கை உள்ளே இருந்து சிரித்தாள். அம்மாவும் சிரித்து, "சரி, இந்த வாரமே போறோம். போதுமா?" என்றாள். நான் மூச்சை விட்டேன். ஆனால் அது நிம்மதி அல்ல. தேர்வுக்கு நாள் குறித்தாயிற்று என்பதுபோல ஒன்று.

"அந்தப் பொட்டியில என்னையும் ஒண்ணு எடு" என்று காலா டிரம்மின் மேலிருந்த கேமராவைக் காட்டினார். "மேல்விஷாரத்துல கட்டிக் குடுத்தனே, அந்தப் பொண்ணு போட்டோ அனுப்புன்னு கேட்டுனே இருக்கா."

கேமராவில் ஷட்டர் நேரம் அந்த இரண்டு வினாடியிலேயே இருந்தது. நான் அதை மாற்றவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். அவருக்கு நல்ல படம் ஒன்று அப்புறம் எடுத்துக்கொடுக்கலாம். அதற்கு முன் அம்மாவை இன்னொருமுறை பார்த்துவிட வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு இருந்தது. இருவரையும் அசையாமல் கேமராவைப் பார்க்கச் சொன்னேன். காலா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கடைசித் தீர்ப்புக்கு நிற்பவர்போல முகத்தை வைத்துக்கொண்டார்.

படம் திரையில் வந்ததும் அம்மாவின் வலது கையைத்தான் முதலில் பார்த்தேன். அது இல்லை. எதிர்பார்த்ததுதான். படத்தை மூடப்போன நேரத்தில் என் கண் பக்கத்து மடிக்கு நகர்ந்தது.

காலாவின் வலது கையும் இல்லை.

கறுப்புப் புர்காவின் மேல், மணிக்கட்டுக்கு அப்பால், ஒரு வெள்ளை மூட்டம். சுண்டுவிரல் பக்கம் மெலிதாக, கட்டைவிரல் பக்கம் அடர்த்தியாக. அம்மாவின் மூட்டமும் அதுவும் ஒரே வடிவம், ஒரே அளவு. இரண்டு பெண்கள் தெளிந்த முகங்களோடு அருகருகே உட்கார்ந்திருக்க, இருவர் மடியிலும் ஒரே மாதிரியான ஒரு சிறு மேகம் இருந்தது.

நான் நேராகப் போய் அவர்கள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். "ரெண்டு பேரும் அப்படியே இருங்க. பேசிக்கிட்டே இருங்க. என்னைப் பாக்காதீங்க." அவர்கள் ஒருவரையொருவர் பார்த்து, இவளுக்கு என்ன ஆயிற்று என்பதுபோல் உதட்டைப் பிதுக்கிவிட்டு, சூப்பர்வைசரின் கதைக்கே திரும்பினார்கள். அம்மாவின் விரல்களுக்கு இடையில் புடவைத் தலைப்பின் ஓரம் இருந்தது. கட்டைவிரல் அந்த ஓரத்தை உள்ளே மடித்து, அழுத்தி, வழித்து, அடுத்த பகுதிக்கு நகர்ந்தது. மடித்து, அழுத்தி, வழித்து, அடுத்தது. காலாவின் விரல்களில் புர்காவின் ஓரம். அதே மடிப்பு, அதே அழுத்தல். துணி மறைத்ததால் மேலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. சிறு வயதிலிருந்து பார்த்துப் பழகிவிட்டதால் எனக்கும் தெரிந்ததில்லை. யாராவது கையைப் பார்ப்பது தெரிந்தால் அது நின்றுவிடும். சும்மா இரு என்று சொன்னால், அந்தச் சும்மாவுக்குள் அது தன் வேலையைத் தொடங்கிவிடும்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வாய்விட்டுச் சிரிப்பது எனக்குப் பழக்கமில்லை; அதனால் அது பாதி இருமலாக வந்தது.

"இன்னாடி, பேய் கீய் புடிச்சிருச்சா?" என்றார் காலா.

படத்தைக் காட்டினேன். அவர் கேமராவை எட்டத்தில் பிடித்து, கண்ணை இடுக்கிப் பார்த்தார். "அரே, என் கை எங்க போச்சு?" பிறகு தன் மடியைப் பார்த்தார். புர்காவின் ஓரம் ஒரு சாண் நீளத்துக்குச் சீராக மடிந்திருந்தது. "ஹாய் ஹாய்! வீட்டுல கூட மடிச்சுனுதான் இருக்கேனா?"

"நீ மட்டுமா?" என்றாள் அம்மா. "நான் பஸ் டிக்கெட்டையே நாலு பக்கமும் மடிச்சு வெச்சிருப்பேன். கண்டக்டர் விரிச்சுப் பாத்துட்டுத் திட்டுவான்."

"எங்க வீட்டுக்காரரு, சாப்பாட்டுக்கு விரிக்கிற தஸ்தர்கான் ஏன் வருஷா வருஷம் சின்னதாயினே போவுதுன்னு கேக்குறாரு. சலவைக்காரன் மேல பழி போட்டேன்!"

இருவரும் ஒருவர் தோளை ஒருவர் தட்டிச் சிரித்தார்கள். நான் அவர்கள் கைகளில் துணி எதுவும் படாதபடி, உள்ளங்கைகளை மல்லாத்தி முழங்கால்மேல் வைக்கச் சொல்லி இன்னொரு படம் எடுத்தேன். அதே இரண்டு வினாடி. நான்கு கைகளும் தெளிவாக வந்தன. ரேகைகள் வரை தெரிந்தன. அந்தப் படத்தை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. கலையாக அதில் ஒன்றுமில்லை. இன்றுவரை நான் எடுத்தவற்றில் அதுதான் எனக்குப் பிடித்த படம்.

இருவர் மடியிலும் மேகங்கள் இருந்த படத்தைத்தான் பின்னர், இருவரிடமும் கேட்டுக்கொண்டு, துறைக்குக் கொடுத்தேன். "மாட்டு, மாட்டு" என்றார் காலா. "கையில்லாதவளுக்கெல்லாம் இந்த ஊர்ல கம்பெனி வேலை குடுக்கறாங்க பாருன்னு நினைச்சுக்கட்டும்."

ஆனாலும் மருத்துவமனைக்குப் போனோம். ஒரு படத்தின் தீர்ப்பை இன்னொரு படம் மாற்றலாம், நோயை மாற்றாது. அம்மாவும் மறுக்கவில்லை. சொல்லப்போனால், அன்று என்னைவிட முன்னதாகக் கிளம்பி வாசலில் நின்றாள்.

மருத்துவர் இளம்பெண், பொறுமையானவர். அம்மாவை நடக்கவைத்தார், கையை மூடித் திறக்கச் சொன்னார், மணிக்கட்டைப் பிடித்துச் சுழற்றிப் பார்த்தார், ஒரு தாளில் சுருள் வரையச் சொன்னார். மல்லாத்திய கைகளை மடியில் வைத்துக்கொண்டு நூறிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னார்.

"முன்னாடி எண்ணறதே தகராறு, டாக்டர்" என்றாள் அம்மா. ஆனால் எண்ணினாள். நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எண்கள் தடுமாறின, விரல்கள் தடுமாறவில்லை.

நான் கொண்டுபோயிருந்த படங்களையும் மருத்துவர் வரிசையாகப் பார்த்தார். பிறகு மேசையிலிருந்த ஓ.பி. சீட்டைக் கையில் எடுத்தார். அதன் நான்கு ஓரங்களும் நூல் பிடித்ததுபோல் உள்ளே மடிக்கப்பட்டிருந்தன.

"இத யாரு மடிச்சது?"

அம்மா வெட்கப்பட்டாள். "வெளிய உக்காந்துனு இருந்தேன் இல்ல டாக்டர்... அப்ப."

மருத்துவர் சிரித்துவிட்டார். அந்த நோய்க்கான அறிகுறி எதுவும் தனக்குத் தெரியவில்லை என்றார். கை, பழகிய வேலையைத் தானாகச் செய்கிறது, அவ்வளவுதான். கட்டைவிரலின் அடிமூட்டு உழைப்பில் வீங்கியிருப்பதாகச் சொல்லி அதற்குச் சில பயிற்சிகள் காட்டினார். அண்ணனுக்கு இருப்பதால், மாற்றம் ஏதாவது தெரிந்தால் தயங்காமல் வரச் சொன்னார். நான் எல்லாவற்றையும் இரண்டுமுறை கேட்டேன். இரண்டுமுறையும் அதே பதில்தான் வந்தது.

வெளியே வந்து பேருந்துக்காக மரநிழலில் நின்றோம். அம்மா பையிலிருந்து பட்டர் பிஸ்கட்டை எடுத்து எனக்கு ஒன்று கொடுத்து, தானும் ஒன்று கடித்தாள்.

"மாமாவுக்கு வந்ததுதான்னு நினைச்சியா?" என்று கேட்டாள். என்னைப் பார்க்காமல், சாலையைப் பார்த்துக் கேட்டாள்.

நான் தலையை ஆட்டினேன்.

"நானும்தான்."

"நீயா? எப்பம்மா?"

"எங்க அண்ணனுக்கு வந்ததுலருந்தே. தெனம் காலைல டீய டம்ளரு தளும்பத் தளும்ப ஊத்துவேன். ஊத்தி, அடுப்பாண்டருந்து வாசல் வரைக்கும் எடுத்துனு போவேன். சிந்தலன்னா சரி, இன்னைக்கு ஒண்ணுமில்ல, கம்பெனிக்குப் போலாம்னு நினைப்பேன்."

எங்கள் வீட்டில் டம்ளர் எப்போதும் அப்படி நிறைந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அம்மாவுக்குத் தேநீர் நிறைய வேண்டும் என்று எண்ணியிருந்தேன்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ மட்டும் எங்கிட்ட சொன்னியா?" என்றாள் அம்மா. "நல்ல ஜோடி" என்று முணுமுணுத்துவிட்டு, இன்னொரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டாள். பேருந்தில் ஏறியதும் ஜன்னலோரம் உட்கார்ந்து பள்ளிகொண்டா வருவதற்குள் தூங்கிவிட்டாள். ஆம்பூர் வரும்வரை நான் அவளை எழுப்பவில்லை.

மறுநாள் காலை, தங்கை பள்ளிக்கு எடுத்துப்போக வேண்டிய எதையோ எங்கோ வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தாள். அம்மா டம்ளரைக் கையில் பிடித்தபடி சமையலறையிலிருந்து வந்தவள், பாதி வழியில் நின்று அவளைத் திட்டத் தொடங்கினாள். திட்டும் வேகத்தில் கை ஆடி, தேநீர் தரையில் சிந்தியது. அம்மா குனிந்து பார்க்கவில்லை. வாக்கியத்தை முடித்தாள், கால்மிதியைக் காலால் இழுத்துச் சிந்தியதைத் துடைத்துவிட்டு, மிச்சத்தைக் குடித்தபடி வேனுக்குப் போனாள்.